செத்த கேமராக்களின் கணக்கு

திருவொற்றியூர் ஆலையிலிருந்து 1960களில் வெளிவந்த ஒரு புல்லட்டை இன்றைக்கும் ஓட வைத்துவிடலாம். பிஸ்டன் கிடைக்கும், கிளட்ச் பிளேட் கிடைக்கும், கேபிள் கிடைக்கும். கடையில் இல்லாததைப் புதுப்பேட்டையில் தேடலாம். அங்கும் அகப்படாவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். அதே பத்தாண்டில் ஜப்பானில் உருவாகி, யாரோ ஒரு கப்பல்காரரின் பெட்டியில் ஏறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய யாஷிகா கேமராவின் கதை வேறு. அது வண்டியைவிடக் குறைவாக உழைத்தது. மேடுபள்ளத்தில் அடிபடாமல் பீரோவுக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் ராயபுரத்திலோ எண்ணூரிலோ வள்ளூரிலோ அதை வைத்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி 'எவ்வளவு ஆகும்?' என்பதல்ல, 'யாராவது செய்வார்களா?' என்பதே. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 'பழைய மெக்கானிக்குகள் போய்விட்டார்கள், தொழில் தெரிந்த ஆள் இல்லை' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அதில் உண்மை உண்டு. ஆனால் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கும் விடை அது. ஸ்பேர் இல்லாத தொழிலில் ஆள் தங்கவில்லை என்பதுதான் நடந்த வரிசை. பழைய பிலிம் கேமராவைச் சரிசெய்ய முடியுமா என்பது கைத்திறன் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும் அடியில் அது உதிரிபாகம் பற்றிய கேள்வி. அந்த உதிரிபாகம் இனிப் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வரமுடியும்: செத்துப்போன இன்னொரு கேமராவின் வயிற்றிலிருந்து.

புல்லட்டுக்கு ஏன் ஸ்பேர் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. ஆரம்பத்தில் பாகங்களாக வந்ததை இங்கே பூட்டினார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பாகங்களைச் செய்யும் கருவிகளும் அச்சுகளுமே இங்கு வந்து சேர்ந்தன. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடப்பட்டபோது திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. பாகம் எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊரில்தான் அதைப் பிரதியெடுக்கும் பட்டறையும் அதை விற்கும் கடையும் அதை மாட்டத் தெரிந்த பையனும் உருவாகிறார்கள். பெங்களூரில் 1961இல் தொடங்கிய எச்எம்டி கைக்கடிகாரத்துக்கும் இதே கதைதான். 2016இல் அந்த ஆலை மூடப்பட்ட பின்னும் தெருமுனைக் கடிகாரக்காரரிடம் அதன் பாகம் ஏதாவது ஒரு டப்பாவில் கிடக்கிறது. கேமராவுக்கு மட்டும் இந்த வாய்ப்பு அமையவில்லை. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் அச்சுத்தாளும் செய்தது. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் அக்ஃபா கிளிக் 3 என்ற பெட்டிக் கேமராவையும் ஐசோலியையும் செய்து நடுத்தர வீடுகளில் சேர்த்தது. கல்கத்தாவில் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 'நேஷனல் 35' என்று ஒன்றை வெளியிட்டது. ஆனால் ஸ்டுடியோக்காரரும் கல்யாணப் போட்டோகிராபரும் பிழைப்புக்கு நம்பிய கேமராக்கள், அதாவது ரோலிகார்ட், யாஷிகா மேட், பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்றவை, ஒன்றுகூட இங்கே பிறந்தவை அல்ல.

அவை வந்த வழியையும் நினைவில் கொள்ள வேண்டும். 1991க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நல்ல கேமரா பெரும்பாலும் பெட்டிக்குள் வந்தது: வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டியில், கப்பல் பணியாளர்களின் பெட்டியில். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்காகத் துறைமுகத்தை ஒட்டி உருவான பர்மா பஜார் அந்தச் சரக்கின் வாய்க்கால்களில் ஒன்று. 1985இல் தீயில் போன மூர் மார்க்கெட் அதன் இரண்டாம் கை. கேமரா வந்தது, அதனுடன் சர்வீஸ் கையேடு வரவில்லை, உதிரிபாகப் பட்டியல் வரவில்லை, ஷட்டர் திரைத்துணி வரவில்லை. யாரும் ஒரு கியர் சக்கரத்தைப் பரிசாகக் கொண்டுவருவதில்லை அல்லவா. ஆகவே சென்னையின் கேமரா மெக்கானிக் ஸ்பேர் இருந்த ஒரு பொற்காலத்திலிருந்து வீழ்ந்தவர் அல்லர். தொடக்கத்திலிருந்தே ஸ்பேர் இல்லாமல் தொழில் பழகியவர். கடிகாரக்காரரின் ஸ்க்ரூடிரைவரும் கடிகார எண்ணெயும் ஒயிட் பெட்ரோலும் அவருடைய மூலதனம்; மேசை இழுப்பறையில் மாடல் வாரியாகக் கிடந்த பழைய பாடிகள் அவருடைய குடோன். கேமராவின் உடலை 'பாடி' என்றே இத்தொழிலில் சொல்வார்கள். அது இவ்வளவு பொருத்தமாக அமையும் என்று நினைத்து வைத்த பெயராக இருக்காது.

இந்த முறைக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. 'ரிப்பேருக்குக் கொடுத்தால் நல்ல பார்ட்டைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவார்கள்' என்ற சந்தேகம் வாடிக்கையாளர்களிடம் எப்போதும் இருந்தது. சில இடங்களில் அது நியாயமான சந்தேகமாகவும் இருந்திருக்கும். ஆனால் புதுப் பாகம் எங்கும் விற்காத தொழிலில் ஒரு கேமராவின் பாகம் இன்னொன்றுக்குப் போவது தவிர்க்க முடியாத நடைமுறை. அதை ஒளித்துச் செய்வதுதான் தவறு. பாடி எண், லென்ஸ் எண், கொடுத்தபோது எந்த வேகம் வேலை செய்தது, எது செய்யவில்லை என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. எந்தப் பாடியிலிருந்து எது எடுக்கப்பட்டது என்ற பதிவும் கூடவே இருந்திருக்கும். அந்தப் பதிவு இல்லாததன் இழப்பு வாடிக்கையாளரோடு நிற்கவில்லை. ஒரு மெக்கானிக் கடையை மூடும்போது அவர் இழுப்பறையில் இருப்பது அடுத்தவருக்கு வெறும் உலோகக் குப்பையாகிவிடுகிறது. எது எதன் பாகம் என்பது அவர் தலைக்குள் இருந்தது, தலையோடு போய்விட்டது.

இனி, எது பழுதாகிறது என்ற விஷயம். பிலிம் கேமரா பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, கிடந்து சாகிறது. லென்ஸைச் சுற்றும் மரையில் பூசிய கிரீஸ் காலப்போக்கில் எண்ணெயாகவும் பசையாகவும் பிரிகிறது. எண்ணெய் ஊர்ந்து போய் அபெர்ச்சர் தகடுகளை ஒட்டவைக்கிறது, பசை மரையை இறுக்கிவிடுகிறது. மெதுவான ஷட்டர் வேகங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கியர் தொகுப்பு, கடிகாரத்தைப் போலவே, எண்ணெய் உலர்ந்தால் நின்றுவிடுகிறது. அதனால்தான் 1/125இல் ஒழுங்காக அடிக்கும் ஷட்டர் ஒரு விநாடியில் திறந்தபடியே தூங்குகிறது. பின்கதவின் ஓரங்களில் வெளிச்சம் புகாமலிருக்க வைத்த நுரைப்பட்டை பத்து இருபது ஆண்டுகளில் தார்போல் உருகிக் கையில் ஒட்டுகிறது. ரப்பர் பூசிய துணித் திரையில் ஊசித்துளைகள் விழுகின்றன. இவற்றோடு பேட்டரிச் சிக்கல் ஒன்றும் உண்டு. 1960, 70களின் ஒளிமானிகள் 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டவை. அது தன் ஆயுள் முழுவதும் வோல்ட் குறையாமல் ஒரே சீராகக் கொடுக்கும். அமெரிக்கா 1996இல் சட்டம் போட்டு அதை நிறுத்தியது. பிற நாடுகளும் அதே வழியில் போயின. இன்று அந்தக் குழியில் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மானி தவறான கணக்குச் சொல்லும். காதொலிக் கருவிக்கு விற்கும் துத்தநாக-காற்றுப் பேட்டரியை ஒரு வளையத்தோடு பொருத்தினால் ஏறக்குறைய சரியான வோல்ட் வரும், ஆனால் ஸ்டிக்கரை உரித்த சில வாரங்களிலேயே அது தீர்ந்துவிடும். மானி பழுது என்று கொண்டுவரப்படும் கேமராக்களில் பழுதே இல்லாதவையும் இருக்கின்றன என்பதற்காகவே இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வடசென்னையில் இவற்றோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி நீளும் இந்தப் பகுதியில் உப்புக்காற்று ஸ்க்ரூ தலைகளில் முதலில் தெரியும். குரோம் பூச்சுக்கு அடியில் பித்தளை பச்சையாகப் பூத்துக்கொண்டு வரும். ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 70 விழுக்காட்டைச் சுற்றியோ அதற்கு மேலோ நிற்கும் ஊர் இது. லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதைவிடக் குறைவே போதும். மெக்கானிக்குகள் 'ஃபங்கஸ்' என்று சொல்லும் அந்தச் சிலந்தி வலை, கண்ணாடியைத் தின்பதில்லை. கண்ணாடி மேல் உள்ள பூச்சின் மீதும் தூசியின் மீதும் வளர்ந்து அமிலம் கக்குகிறது. சீக்கிரம் துடைத்தால் தடமில்லாமல் போகும், விட்டுவைத்தால் பூச்சு அரிக்கப்பட்ட தடம் நிரந்தரம். அழகாக இருக்கிறதே என்று கேமராவைத் தோலுறையிலேயே வைத்திருப்பது பூஞ்சைக்குப் பாய்விரிப்பது. அரிசிப் பானைக்குள் புதைப்பதும் உதவாது. ஈரத்தை இழுப்பதைவிட மாவுத்தூசியைத்தான் அதிகம் கொடுக்கும். வெயிலில் காயவைப்பது பற்றி மட்டும் இரண்டு பேச்சு உண்டு. வெயில் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கலாம், ஆனால் அந்தச் சூட்டில் எண்ணெய் இளகித் தகடுகளுக்கு ஓடும், லென்ஸ்களை ஒட்டிய பிசினும் விட்டுப்போகலாம். தோரியம் கலந்த கண்ணாடி காலத்தால் மஞ்சளான சில பழைய டகுமார் லென்ஸ்களுக்கு மட்டும் சென்னை வெயில் மருந்து. சில நாள் காட்டினால் மஞ்சள் இறங்கும். இன்னொரு காரணியும் இங்கே உண்டு, அது சாம்பல். எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் அனல்மின் நிலையங்கள் வரிசையாக எழுந்தன. வள்ளூரில் மட்டும் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. நிலக்கரிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். கண்ணாடி போன்ற நுண்மணிகள். கிரீஸோடு அது கலந்தால் வால்வு தேய்க்கும் பசைக்கும் அதற்கும் குணத்தில் பெரிய வேறுபாடில்லை. இந்தப் பகுதியில் திறந்த அலமாரியில் வைத்த லென்ஸின் மரையைச் சுற்றினால் நறநறப்பதற்கு இதைவிட மர்மமான விளக்கம் தேட வேண்டியதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். மேலே சொன்ன நோய்களைத் தீர்க்க என்ன பொருள் வேண்டும் என்று பார்த்தால் அவை தாமாகவே பிரிந்து நிற்கின்றன. கிரீஸ், எண்ணெய், நுரைப்பட்டை, பேட்டரி வளையம், பூஞ்சை ஆகியவற்றுக்கு உள்ளூரிலேயே தீர்வு உண்டு. கோடவுன் தெருவில் ஒரு முழம் கருப்பு வெல்வெட் வாங்கினால் இருபது கேமராக்களின் கதவை அடைக்கலாம். 1966இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35 ஊரெல்லாம் செத்துக் கிடப்பதற்குக் காரணம் உள்ளே கரைந்துபோகும் ஒரு துண்டு ரப்பர். அதைப் பிரித்துப் போடும் பொறுமை இருந்தால் ரப்பருக்குச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தது பாகம் உடைந்த, தேய்ந்த, தொலைந்த வகை: கியர், ஸ்பிரிங், பிரிசம், ஒளிமானியின் ஊசி. இதற்குச் செத்த பாடி வேண்டும். ஆனால் செத்த பாடி இருந்தாலே போதும் என்று நினைப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு மாடல் முழுவதும் ஒரே நோயில் செத்திருந்தால் பத்துப் பாடி இருந்தும் ஒரு கேமரா எழாது. ஒலிம்பஸ் ஓஎம்-1இன் பிரிசத்தின் மேல் கம்பெனியே வைத்த நுரை கரைந்து வெள்ளிப் பூச்சை அரிக்கிறது. ஆகவே ஒரு ஓஎம்-1க்கு இன்னொரு ஓஎம்-1 பிரிசம் கொடுப்பது அரிது. அதைக் காப்பாற்றியது அதே குடும்பத்தின் மலிவு விலைத் தம்பியான ஓஎம்-10. அதன் பிரிசத்தைக் கொஞ்சம் சரிக்கட்டி இதில் பொருத்தலாம் என்பதை மெக்கானிக்குகள் கண்டுகொண்டார்கள். யாரும் ஆசைப்படாத கேமராவின் மதிப்பு இப்படித்தான் தெரியவருகிறது. 'எத்தனை பாடி கிடைக்கும்' என்பதோடு 'அவை எந்தெந்தக் காரணத்தால் செத்தன' என்பதையும் கேட்க வேண்டும்.

இந்த அளவுகோலால் அளந்தால் கேமரா உலகத்தின் புல்லட் பென்டாக்ஸ் கே1000. 1976இல் தொடங்கி 1997 வரை, ஏறக்குறைய மாற்றமே இல்லாமல், 30 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் கியரும். பேட்டரி ஒளிமானிக்கு மட்டும். டைமர்கூட இல்லாத வெறுமையான கேமரா என்று அந்நாளில் கேலி செய்யப்பட்டதே இன்று அதன் பலம். இல்லாத பாகம் கெடாது. தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்களில் இது ஓடிய ஓட்டத்தால் இங்கே இதன் பாடிகளும் நிறைய, செத்த காரணங்களும் பலவகை: ஒன்று கீழே விழுந்தது, ஒன்றில் மானியின் கம்பி அறுந்தது, ஒன்றில் ரீல் சுற்றும் லீவர் இறுகியது, ஒன்றில் இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப்பிடித்து 1/1000இல் படத்தின் ஒரு பக்கம் இருட்டாகிறது. இப்படி நான்கு விதமாகச் செத்த நான்கிலிருந்து இரண்டைப் பிழைக்க வைப்பது நடக்கக்கூடிய காரியம். ஆசைப்பட்டுப் பிலிம் கேமரா வாங்கப் போகும் இளைஞருக்கு லென்ஸின் புகழையும் கம்பெனியின் பெயரையும் விட இந்தக் கணக்குதான் முதலில் தேவை. அவர் வாங்கப் போவது ஒரு கேமராவை மட்டுமல்ல, அதன் பின்னால் நிற்கும் பாடிகளின் கூட்டத்தையும் சேர்த்துத்தான்.

'பிந்திய கேமராதானே வாங்கிவிட்டுப் போகலாம், புதிது என்றால் பழுது குறைவு' என்று ஒருவர் மறுக்கலாம். கைக்கு வரும் அனுபவம் இதற்கு நேரெதிர். 1976இல் கேனான் ஏஇ-1 வந்தபோது அதன் மூளை மின்சுற்றுக்கு மாறியிருந்தது. அதன் புகழ்பெற்ற இருமல், அதாவது ஷட்டரை அமுக்கும்போது வரும் கிரீச்சொலி, கண்ணாடியை இயக்கும் அமைப்பில் எண்ணெய் உலர்வதால் வருவது. சரியான இடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டால் அடங்கும். ஆனால் உள்ளே மடிந்து ஓடும் வளைசுற்று செத்துவிட்டால் அதை இங்கே யாரும் செய்ய முடியாது, கழற்றி மாற்றும் சுற்றும் அதே வயதுடையது. 1990களின் காம்பாக்ட் கேமராக்கள் இதைவிட மோசம். நடிகர்கள் கையில் தெரிந்ததால் விலை ஏறிய கான்டாக்ஸ் டி2 போன்றவை முப்பது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றின் உள்ளே இருக்கும் சிப்புகளை அந்தக் கம்பெனிகளே இப்போது செய்வதில்லை. இவற்றைத் தாங்களே திறக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஃப்ளாஷின் மின்தேக்கி பேட்டரியைக் கழற்றிய பிறகும் முந்நூறு வோல்ட் அளவுக்குத் தேக்கி வைத்திருக்கும். ஆக, மின்சுற்றால் ஓடும் கேமராக்களில் பெரும்பாலானவற்றை, எவ்வளவு அழகானவையாக இருந்தாலும், பழுதுபார்க்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை. எல்லாவற்றையும் காப்பாற்றுவோம் என்று கிளம்பினால் காப்பாற்றக்கூடியதற்கும் நேரம் இருக்காது.

'இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதே, எந்தப் பாகத்தையும் அச்சிட்டுக்கொள்ளலாமே' என்ற மறுப்பு இன்னும் வலுவானது. இதில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பேட்டரி மூடி, லீவரின் நுனி, ரீவைண்ட் குமிழ், லென்ஸ் மூடி இவற்றையெல்லாம் அச்சிடலாம். வடசென்னைக்கு இதைவிடப் பழைய பலம் ஒன்று இருக்கிறது. அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் எம்ஆர்எஃப்பும் வளர்ந்த இந்த வட்டாரத்தில் டர்னருக்கும் பிட்டருக்கும் பஞ்சமில்லை. பித்தளை வளையம், ஃபில்டர் அடாப்டர், லென்ஸ் திறக்கும் இருமுனைச் சாவி போன்றவை அவர்களுக்கு அரை மணி வேலை. ஆனால் எல்லை எங்கே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பென்டாக்ஸில் லென்ஸ் அமரும் தளத்துக்கும் பிலிம் தளத்துக்கும் இடையில் 45.46 மில்லிமீட்டர் தூரம். அதில் மயிரிழை பிசகினாலும் தூரத்துக் கலங்கரை விளக்கம் மங்கலாகும். ஷட்டரின் கியர்ப் பற்கள் கடிகாரப் பற்களின் இனம். பிரேக் டிரம் கடையும் லேத்தில் அவை வராது, அச்சடித்த பிளாஸ்டிக்கிலும் ஸ்பிரிங்கின் இழுப்பைத் தாங்காது. லேத்தும் அச்சு இயந்திரமும் செத்த பாடியின் சுமையைக் குறைக்கும். அதன் இடத்தைப் பிடிக்காது.

விலை பற்றிய மறுப்புதான் உண்மையில் இத்தொழிலைக் கொன்றது. 'ரிப்பேர்க் கூலிக்கு இன்னொரு பாடியே வாங்கிவிடலாம்.' ஒரு தனி ஆளின் கணக்கில் இது சரி. ஆனால் அந்த இன்னொரு பாடி எங்கிருந்து வருகிறது? கே1000ஐ 1997க்குப் பிறகு யாரும் செய்யவில்லை. ஒவ்வொருவரும் பழுதானதை ஷோகேஸில் வைத்துவிட்டு ஓடுவதை வாங்கினால், ஓடுபவை குறைந்துகொண்டும் ஏறிய விலையில் விற்றுக்கொண்டும் போகும்; செத்தவை யாருக்கும் ஸ்பேராகாமல் விநாயகர் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கும். கூலி அதிகம் என்ற புகாரையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். செல்போன் கடையில் இருபது நிமிடத்தில் திரை மாற்றுகிறார்கள். அங்கே விற்பது திரை, உழைப்பு அதற்கு ஒட்டு. கேமராவை முழுதாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, ஒவ்வொரு வேகத்தையும் அளந்து பூட்ட அரை நாள் போகும். இங்கே விற்பது முழுக்க உழைப்பு. ஸ்க்ரூக்கூட வேறு, ஜப்பானியக் கேமராவின் நட்சத்திரத் தலைக்கு ஜப்பானிய அளவு ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும், கடையில் கிடைக்கும் சாதாரண நட்சத்திரத்தைப் போட்டால் தலை வழித்துக்கொண்டு போய்விடும். அரை நாள் உழைப்புக்குச் செல்போன் திரையின் கூலியைக் கொடுத்தால் எந்த இளைஞன் இதைக் கற்க வருவான்? 2005ஐ ஒட்டிக் கல்யாண வேலை டிஜிட்டலுக்கு மாறியதும், இத்தொழிலில் இருந்தவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச வேலையும் போனது. அவர்கள் பிள்ளைகளை இதில் சேர்க்காததைக் குறையாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

அறிவு எவ்வளவு வேகமாகத் தொலையும் என்பதற்குக் கேமராவைச் செய்த கம்பெனியே சாட்சி. 2022இல் பென்டாக்ஸ் மீண்டும் பிலிம் கேமரா செய்யும் திட்டத்தை அறிவித்தது. 2024இல் பென்டாக்ஸ் 17 வெளிவந்தது. அந்தக் கேமராவில் கையால் ரீல் சுற்றும் அமைப்பைச் செய்ய, பழைய வரைபடங்கள் மட்டும் போதாமல் ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர்களிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. கே1000ஐ முப்பது லட்சம் செய்து விற்ற வீட்டிலேயே இந்த நிலை. ஒரு காலத்தில் அமெரிக்காவின் கொலராடோவில் நேஷனல் கேமரா என்ற நிறுவனம் கேமரா பழுதுபார்ப்பை அஞ்சல்வழிப் பாடமாகவே நடத்தியது. அதன் பாடங்கள்தான் இன்றும் பலருக்கு ஆதாரம். ஃபின்லாந்தின் தம்பெரே நகரில் கேமரா ரெஸ்க்யூ என்ற அமைப்பு ஒரு லட்சம் பிலிம் கேமராக்களை மீட்பது என்ற இலக்கோடு இறங்கியது. கேமராக்களை மொத்தமாகத் திரட்டி, சோதித்து, எது ஓடும், எது சரியாகும், எது ஸ்பேர் என்று பிரிப்பதே அவர்கள் வேலையின் அடிப்படை. புதிய கைகளைப் பழக்குவது அதன் மேல் கட்டப்பட்டது. ஆள் முதலில் வரவில்லை, குவியல் முதலில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி 2022இல் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது. வேளாண் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று துறைகளும் குறிக்கப்பட்டன. இன்று விற்கும் பொருளுக்கு நாளை ஸ்பேர் கொடு என்று கேட்கும் முயற்சி அது; நல்ல முயற்சி. ஆனால் முப்பது ஆண்டுக்கு முன் செய்வதை நிறுத்திய பொருளுக்கு எந்தச் சட்டத்தாலும் ஸ்பேர் வரவழைக்க முடியாது. கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது. கம்பெனிகள் அந்நாளில் தங்கள் சர்வீஸ் மையங்களுக்கு மட்டும் கொடுத்த கையேடுகள், பாக எண் பட்டியல்கள். எந்தப் பாகம் எந்த மாடலோடு பொதுவானது என்பது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஓஎம்-10இன் பிரிசம் போன்ற கண்டுபிடிப்புகளைத் தற்செயலுக்கு விடாமல் தேடிப் பிடிக்க அது உதவும். வணிக ரகசியம் என்று காட்ட இதில் இனி எதுவும் மிஞ்சவில்லை.

'இவ்வளவும் எதற்கு? கையில் இருக்கும் போன் இதைவிட நல்ல படம் எடுக்கிறதே, இது வெறும் பழம்பொருள் மோகம் அல்லவா?' என்ற கேள்வி மிஞ்சுகிறது. மோகம் இதில் உண்டு, அதை மறுப்பதால் லாபமில்லை. பிலிமும் கழுவும் செலவும் ஏறியிருக்கும் நாளில் இது ஏழைக்கான வழி என்றும் சொல்ல முடியாது. ஆனால் புல்லட்டைப் பற்றி யாரும் இதைக் கேட்பதில்லை. ஸ்கூட்டர் அதைவிட மைலேஜ் கொடுக்கிறது என்பதற்காகப் புதுப்பேட்டைக் கடைகளை மூடச் சொல்வதில்லை. 30 ஆண்டு ஓடக்கூடிய ஒரு நல்ல இயந்திரம் ஒரு துண்டு ரப்பருக்காகக் குப்பையாவது சரியா என்பதற்கு, அந்த இயந்திரம் காலத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி பதிலாகாது. இன்னொன்று, இங்கே பேசப்படுவது கேமரா மட்டுமல்ல. நுண்பற்களையும் மென்ஸ்பிரிங்குகளையும் கையாளும் விரல் கடிகாரத்துக்கும் ஆய்வகக் கருவிகளுக்கும் உரியது. ஐ.டி.ஐ.களில் இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக் என்ற பிரிவு இருக்கிறது. அங்கே பயிற்சிக்குப் பிரித்துப் பூட்ட ஒரு செத்த கே1000ஐவிட மலிவான, நிறையக் கிடைக்கும், தவறு செய்தால் நஷ்டமில்லாத கருவி எது?

அதற்கு முதலில் அவை ஓரிடத்தில் சேர வேண்டும். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் ஸ்டுடியோ நடத்திய தலைமுறை கடையைக் காலி செய்துகொண்டிருக்கிறது. கட்டடம் கைமாறும்போது என்லார்ஜரும் விளக்குத் தாங்கியும் கேமராவும் ஒரே மூட்டையில் காயலாங்கடைக்குப் போகின்றன. அங்கே பித்தளை தனி, அலுமினியம் தனி, மீதி குப்பை. கேமரா எடைக்குத்தான் போகும். அந்த மூட்டையை மறிப்பதற்கு அமைப்போ மானியமோ உடனே தேவைப்படாது. மாடல் பெயர், செத்த காரணம், எடுக்கப்பட்ட பாகம் என்று மூன்று பத்தி கொண்ட ஒரு நோட்டும், சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடும் பெட்டிகளும், எடைக்கு வருவதை எடைக்கடைக்காரரைவிடக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கும் ஒரு கையும் போதும். தொடக்கத்துக்கு கே1000, யாஷிகா மேட், எலக்ட்ரோ 35, எஃப்எம்2, ஓஎம் குடும்பம் என்று ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்த பிறகும் தீராத குறை ஒன்று இருக்கும். துணித் திரைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே வயதில் ஊசித்துளை விடத் தொடங்கியிருக்கின்றன. அதற்கு எந்தச் செத்த பாடியும் உதவாது, கோடவுன் தெருவிலும் அந்தத் துணி இல்லை. வெளிச்சம் புகாமல், மடங்கினால் விறைக்காமல், கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ரப்பர் பூசிய பட்டு இன்றைக்கும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும்.